பாதி விலைக்கு ஒரு போயிங்!

எங்கள் ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறது. அதன் மேலே ஒரு தண்ணீர் கேன், ஆயுத பூஜைக்கு வாங்கிய சாமி படம், யாரோ மறந்துவிட்டுப் போன குடை. இவற்றைத் தாங்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது.

மூடிப்போன ஒரு கம்பெனியின் ஏலத்தில் எங்கள் மேனேஜர் எடுத்தது. "பாதி விலை ஸார்!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் வண்டவாளம் தெரிந்தது. எங்களிடம் ஸ்டாக் இருந்த டோனர் இதற்குச் சேராது. மெக்கானிக்கும் வேறு ஆள். இதுவரை எத்தனை லட்சம் காப்பி எடுத்துத் தேய்ந்திருக்கிறது என்று சொல்ல சர்வீஸ் புத்தகமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் பழைய மெஷின் ஒன்றே டிரம் மாற்றப் பணம் சாங்ஷன் ஆகாமல் ஆறு மாதமாக நின்றுகொண்டிருந்தது!

2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் படுத்தபோது எங்கள் கேன்டீனில் நடந்த வாக்குவாதத்தில், எனக்கு இந்த மெஷின்தான் ஞாபகத்துக்கு வந்தது.

1993 மே மாதம் பறக்க ஆரம்பித்த ஜெட், 2019 ஏப்ரல் 17-ம் தேதி ராத்திரியோடு நின்றது. வங்கிகளுக்கு பாக்கி 8,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. நடுவே நின்றவற்றில் ராஜா மாதிரியானவை போயிங் 777-300 ஈ.ஆர். விமானங்கள். உள்ளே ரெண்டு நடைபாதை, ஒரு வரிசையில் ஒன்பது பத்து பேர், நிற்காமல் லண்டன் வரை போகிற ரகம். ஒன்றின் லிஸ்ட் விலை 37.55 கோடி டாலர். அன்றைய கணக்கில் சுமார் 2,600 கோடி ரூபாய்! (லிஸ்ட் விலையை எந்தக் கம்பெனியும் கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.)

ஜெட் நின்ற சூட்டோடு, அப்போது அரசாங்கத்தின் கையில் இருந்த ஏர் இந்தியாவின் தலைவர் அஷ்வனி லோஹானி ஸ்டேட் வங்கித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். 'ஜெட்டின் 777-களில் ஐந்தை நாங்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். லண்டன், துபாய், சிங்கப்பூருக்கு ஓட்டுகிறோம்' என்பது சாராம்சம்.

"சும்மா நிக்கிறதை ஓட்டினா பேங்குக்கும் காசு, இவனுக்கும் காசு. இதுல யோசிக்க என்னய்யா இருக்கு?" என்றார் எங்கள் அக்கவுண்ட்ஸ்காரர்.

"ஒருத்தனைக் கவுத்த வண்டி அடுத்தவனை மட்டும் காப்பாத்துமா?" என்றார் ஹெட் கிளார்க்.

ரெண்டு பேர் சொன்னதும் எனக்குப் பிடிக்கவில்லை. விமானம் கம்பெனியைக் கவிழ்ப்பதில்லை. கணக்குதான் கவிழ்க்கும். அதே சமயம், சும்மா நிற்கிறது என்பதற்காக மட்டும் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. எங்கள் மாடிப்படிக்குக் கீழே வந்து பார்த்தால் புரியும்.

திவாலானவனின் விமானத்தை எடுக்குமுன் கேட்க வேண்டியது நாலு கேள்வி.

முதல் கேள்வி: டோனர் சேருமா? இதில் ஏர் இந்தியாவுக்கு நூற்றுக்கு நூறு. அவர்களிடம் 2007-லிருந்தே அதே 777-300 ஈ.ஆர். ஓடிக்கொண்டிருந்தது. அந்த ரகத்துக்கு ஒரே இன்ஜின்தான், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜிஇ-90. ஆக பைலட், மெக்கானிக், உதிரி பாகம் எல்லாம் கைவசம். சீட்டுகூட ரெண்டு பேரிடமும் கிட்டத்தட்ட 340. ஃபர்ஸ்ட் கிளாஸில் மட்டும் ஜெட்டில் எட்டு, ஏர் இந்தியாவில் நாலு.

இது சேராமல் போனால் என்ன ஆகும்? 1991-ல் பிரசித்தி பெற்ற பான் ஆம் கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்தபோது, அதன் ஐரோப்பிய ரூட்களை அமெரிக்காவின் டெல்டா வாங்கியது. கூடவே ஏர்பஸ் ஏ-310 விமானங்களும் வந்தன. டெல்டாவிடம் அதுவரை அந்த ரகம் கிடையாது. ரூட்டை வைத்துக்கொண்டது. விமானத்தை நாலைந்து வருஷத்தில் கைகழுவிவிட்டது.

ரெண்டாவது கேள்வி: சர்வீஸ் புத்தகம் எங்கே? ஜெட் இன்ஜினுக்குள் சுழலும் டிஸ்க்குகளுக்கு ஆயுள் கணக்கு உண்டு. இத்தனை தடவை ஏறி இறங்கியாயிற்று என்றால், பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் கழற்றி எறிய வேண்டும். அந்தக் கணக்கு, பாகம் பிறந்த நாளிலிருந்து காகிதத்தில் இருக்க வேண்டும். காகிதம் தொலைந்தால் கோடிக்கணக்கில் விலை போன பாகம் காயலான் கடைச் சரக்கு. சம்பளம் வராமல் வீட்டுக்குப் போன ஊழியர்கள் ஃபைலை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருப்பார்களா என்பது நியாயமான சந்தேகம்.

மூணாவது: சொத்து யாருடையது? ஓடுகிற கம்பெனியிடம் வாங்கினால் ஒருவரிடம் பேசினால் போதும். திவாலான கம்பெனி என்றால் வங்கி ஒரு பக்கம் இழுக்கும், குத்தகைக்காரர் ஒரு பக்கம், பாக்கிக்காரர் இன்னொரு பக்கம். ஜெட் நிற்பதற்கு ஒரு வாரம் முன்பே, பாக்கி வரவில்லை என்று ஒரு சரக்குக் கம்பெனி அதன் 777 ஒன்றை ஆம்ஸ்டர்டாம் ஏர்போர்ட்டிலேயே மடக்கிவிட்டது. ஜூன் மாதம் விவகாரம் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. வழக்கு நீண்டு, கடைசியில் 2024 நவம்பரில் ஜெட்டைக் கலைத்துவிடச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. ஐந்தரை வருஷம்!

நாலாவது கேள்விதான் முக்கியம். அதை யாரும் கேட்பதில்லை: வாங்குகிறவரின் சொந்த மெஷின் ஓடுகிறதா?

2019 மார்ச்சில் ஏர் இந்தியாவின் கடன் 58,000 கோடி ரூபாய்க்கு மேல். அவர்களின் சொந்த விமானங்களிலேயே பல, உதிரி பாகம் வாங்கப் பணமில்லாமல் தரையில் நின்றுகொண்டிருந்தன! அடுத்தவர் வீட்டு விமானத்துக்குக் கொடுக்கும் வாடகையை இவற்றின் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தால் அதே சீட், அதே லண்டன். போவதும் நம் வரிப்பணம்தான்.

கடிதம் கடிதமாகவே நின்றது. ஐந்து 777-ம் வரவில்லை. மறு வருஷம் மார்ச்சில் கொரோனா வந்து வெளிநாட்டு விமானங்கள் எல்லாமே நின்றன. அதை முன்கூட்டி யாரும் கணித்திருக்க முடியாது. ஆனால் இந்தத் தொழிலில் ஏதோ ஒன்று எப்போதும் வரும். அதனால்தான் இப்படிப்பட்ட சரக்கை விலைக்கு வாங்காமல், முடிவு தேதி போட்ட வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். அந்த விஷயத்தில் லோஹானி கேட்டது சரியான முறைதான். பொருளும் சரி. வாங்குகிறவரின் பைதான் சரியில்லை.

நிரூபணம் பின்னால் வந்தது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டாவிடம் போயிற்று. தரையில் நின்ற சொந்த விமானங்களைப் பணம் போட்டு ஒவ்வொன்றாகக் கிளப்ப ஆரம்பித்தார்கள். கூடவே டெல்டா கழித்துவிட்ட 777-200 எல்.ஆர். ரகத்தில் ஐந்தை வாடகைக்கு எடுத்தார்கள். அமெரிக்காவுக்கு ஓட்டினார்கள். அதுவும் பழைய சரக்குதான். ஆனால் விற்றவர் திவாலானவர் இல்லை, எடுத்தவர் கையில் காசு இருந்தது. (இதே ரகத்தில் ஐந்தை 2013-14-ல் எத்திஹாடுக்கு விற்றது இதே ஏர் இந்தியாதான். அந்த வயிற்றெரிச்சல் தனிக் கட்டுரை!)

ஆகவே என் தீர்ப்பு: முதல் மூன்று கேள்விக்கும் நல்ல பதில் வந்தாலும், நாலாவதில் தடுக்கினால் வேண்டாம். பாதி விலை என்பது விற்பவரின் அவசரம். அது வாங்குபவரின் லாபம் ஆகிவிடாது.

இதையெல்லாம் கேன்டீனில் சொல்லி முடித்தபோது, பக்கத்து டேபிளில் மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

"கரெக்டா சொன்னேய்யா. ஆமா, இன்னொரு கம்பெனி மூடறாங்களாம். நாலு ஏ.சி. ஏலத்துக்கு வருது, பாதி விலை. சாயந்திரம் ஃப்ரீயா?"