பேறுகால உதவிப் பணம்: கேட்டு வாங்க வேண்டியது எப்படி?



வீட்டில் ஒரு குழந்தை வரப்போகிறது என்றால் சந்தோஷந்தான். கூடவே செலவும் வரும். சத்தான சாப்பாடு, போக்குவரத்து, பிரசவம், அதற்குப் பிறகு வேலைக்குப் போக முடியாத மாதங்கள் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். மாந்தோப்புக் கூலிக்குப் போகிறவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டுகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர் ஆகியோர் வீட்டில் ஒருவர் சம்பளம் நின்றாலே அடுப்பு தடுமாறும். அந்த நேரத்தில் வட்டிக்கு வாங்காமல் சமாளிப்பதற்காகவே அரசாங்கம் ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறது. அதைப் பெறும் முறையை இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தம்பதியர் இருவரும் சேர்ந்து படித்துத் தெரிந்து கொள்வதற்காக இந்தப் பிரசுரம்.

திட்டத்தின் பெயர் என்ன?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். முத்துலட்சுமி அம்மையார் 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண்கள் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில் டாக்டருக்குப் படித்து, 1927-ல் சென்னை சட்டமன்ற மேலவையில் உறுப்பினரானவர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் நிறுவியவர். தாய்மாரின் நலனுக்காக உழைத்த அவர் பெயரே இத்திட்டத்துக்குப் பொருத்தம்.

1980-களின் கடைசியில் 300 ரூபாயாகத் தொடங்கிய உதவி இது. 2006-ல் 6,000 ரூபாயாகவும், 2011-ல் 12,000 ரூபாயாகவும், 2018-ல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

என்ன கிடைக்கும்?

18,000 ரூபாயில் 14,000 ரூபாய் பணமாக வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் கிடைக்கும். 2018 முறைப்படி பணம் ஐந்து தவணையாக வந்தது. 2024 முதல் அதை மூன்று தவணையாக்கி இருக்கிறார்கள்:

கர்ப்பத்தின் 4-வது மாதம்: 6,000 ரூபாய்.
குழந்தை பிறந்த 4-வது மாதம்: 6,000 ரூபாய்.
குழந்தை பிறந்த 9-வது மாதம்: 2,000 ரூபாய்.

பெட்டகங்கள் கர்ப்பத்தின் 3-வது மாதத்தில் ஒன்றும் 6-வது மாதத்தில் ஒன்றும் தரப்படும். சத்து மாவு, நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மருந்து முதலியன அதில் இருக்கும்.

முதல் குழந்தைக்கு மத்திய அரசு தரும் மாத்ரு வந்தனா தொகை தனியாக வருமா என்று பலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் இரண்டையும் இணைத்தே நடத்துகிறார்கள். ஆகவே இரண்டு இடத்தில் அலைய வேண்டியதில்லை.

யாருக்கு உண்டு?

வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பமாக இருக்க வேண்டும். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக் கொள்ளுங்கள். வயது குறைவாக இருக்கலாம், மூன்றாவது பிள்ளையாக இருக்கலாம், அதனால் பணம் கிடைக்காமல் போகலாம். ஆனால் மருத்துவ கவனிப்பு எல்லோருக்கும் உண்டு. "நமக்குத்தான் பணம் இல்லையே, எதுக்குப் பதியணும்?" என்று கர்ப்பத்தை மறைத்து விடாதீர்கள். சின்ன வயதுப் பெண்ணுக்கும், அடுத்தடுத்துப் பெற்ற பெண்ணுக்குந்தான் ஆபத்து அதிகம். அவர்களைத்தான் நர்ஸம்மா முதலில் பார்க்க வேண்டும்.

முதல் வேலை பதிவு

நாள் தள்ளிப் போனதும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். 12 வாரம் முடிவதற்குள் பதிவாகி விட வேண்டும். துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதியலாம். 102 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். பதிந்ததும் ஒரு எண் தருவார்கள். அதைப் பிக்மி எண் அல்லது ஆர்.சி.எச். எண் என்பார்கள். தாயின் பரிசோதனை, உதவிப் பணம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துத்தான் நடக்கும்.

நம் பக்கத்தில் பெரியவர்கள், "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம். கண்ணு பட்டுரும்" என்பார்கள். அவர்கள் அன்பினால் சொல்வது அது. ஆனால் அந்த மூன்று மாதம் முடியும்போது 12 வாரக் கெடுவும் முடிந்து விடுகிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற காலமும் அதுதான். ஃபோலிக் அமில மாத்திரை அப்போது உள்ளே போக வேண்டும். ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்ஸம்மாவுக்குச் சொல்லுங்கள். மாமியாருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியது கணவனின் பொறுப்பு.

கையில் இருக்க வேண்டியவை

மனைவியின் ஆதார் அட்டை, கணவரின் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, மனைவி பெயரில் வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், வீட்டில் எப்போதும் எடுத்துப் பேசக்கூடிய போன் எண்.

பணம் எங்கே நின்று போகிறது?

பணம் நேராகத் தாயின் கணக்குக்கு வருகிறது. வழியில் அது தடைபட்டால் காரணம் பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருக்கும்.

1. பெயர் வேறுபாடு. ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ் புத்தகத்தில் வேறு எழுத்து. கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர் இனிஷியல், பிறகு கணவர் பெயர் இனிஷியல். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாது. கல்யாணம் ஆன கையோடு இரண்டையும் ஒன்றாக்கி விடுங்கள்.

2. கணக்கு மனைவி பெயரில் இல்லை. கணவர் கணக்கும் மாமனார் கணக்கும் இதற்குச் செல்லாது.

3. கணக்கு உறங்கி விட்டது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் தொடங்கிய கணக்கைப் பல வருஷமாக யாரும் தொடாமல் இருந்தால் வங்கி அதை முடக்கி வைக்கும். வங்கிக்குப் போய் அதை உயிர்ப்பித்து, ஆதார் எண் இணைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று கணக்கு இருந்தால் எந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதோ அதில் பணம் போய் விழுந்திருக்கலாம். எல்லாப் புத்தகத்தையும் பதிவு போட்டுப் பாருங்கள்.

4. தாய் வீட்டுக்குப் போனது. இது நம் பக்கத்தில் அதிகம். மம்சாபுரத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் தலைப்பிரசவத்துக்குச் சேத்தூரில் உள்ள அம்மா வீட்டுக்குப் போகிறாள் என்று வைத்துக் கொள்வோம். அங்கே "பதிவு இருக்கா?" என்று கேட்டால், பழைய எண்ணைச் சொல்லாமல் புதிதாகப் பதிந்து கொள்வார்கள். ஒரு கர்ப்பத்துக்கு இரண்டு எண் ஆகி விடும். ஒன்றில் பரிசோதனை விவரம் இருக்கும், மற்றதில் பிரசவ விவரம் இருக்கும். இரண்டுமே முழுமையாகாது. ஆகவே வளைகாப்பு முடிந்து புறப்படும்போது தாய் சேய் நல அட்டையைத் துணிப்பையில் முதலில் வையுங்கள். கிளம்புமுன் இங்குள்ள நர்ஸம்மாவிடமும், போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள நர்ஸம்மாவிடமும் சொல்லுங்கள். ஒரு கர்ப்பம், ஒரே எண்.

5. ஊசி போடத் தவறியது. இதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"மொத்தமாய்க் குடுத்தா என்ன? ஏன் இழுத்து இழுத்துக் குடுக்காங்க?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தவணை ஒவ்வொன்றும் ஒரு கவனிப்போடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு உதாரணம் பார்ப்போம்.

ஒரு பெண்ணுக்குக் கடைசியாக மாதவிலக்கு வந்தது தை முதல் தேதி, அதாவது ஜனவரி 15. அவள் பங்குனியில், ஏப்ரல் 9-க்குள் பதிந்து விட வேண்டும். 4-வது மாதம் சித்திரையில் வரும். அப்போது முதல் தவணைக்கு உரியவளாகிறாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்த சோகை என்று பொருள். அதைச் சரிசெய்ய இன்னும் ஆறு மாதம் கையில் இருக்கிறது. பிரசவ நேரத்தில் தெரிந்தால் என்ன செய்ய முடியும்?

குழந்தை ஐப்பசியில், அக்டோபர் 22-ஐ ஒட்டிப் பிறக்கும். பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் தருவார்கள். பிறகு 6-வது, 10-வது, 14-வது வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசி போட வேண்டும். 14-வது வாரம் மறு தையில் முடியும். மூன்று ஊசியும் முடித்த தாய்க்கு 4-வது மாதத் தவணை தடையின்றி வரும். ஒன்பது மாதம் நிறைந்ததும் ஆடியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி. அதோடு கடைசித் தவணை. ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற அவசரத்தில் இந்த ஊசியை மறந்து விடாதீர்கள். ஊசி தள்ளிப் போனால் பணமும் தள்ளிப் போகும். பணம் தள்ளிப் போனால் நஷ்டம் கொஞ்சம், ஊசி தள்ளிப் போனால் நஷ்டம் பெரிது.

இந்த மாதிரி உங்கள் வீட்டு நாட்காட்டியில் நீங்களே தேதிகளைக் குறித்துத் தொங்க விடுங்கள்.

பிரசவம் எங்கே?

அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பார்த்துக் கொள்ளுங்கள். 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அங்கே பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். வலி எடுத்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள தாய்க்கும், ஆதிதிராவிடர், பழங்குடித் தாய்க்கும் ஜனனி சுரக்ஷா திட்டத்தில் கிராமப்புறத்தில் 700 ரூபாய் தனியாக உண்டு. பிறப்பை 21 நாளுக்குள் கட்டணமின்றிப் பதிந்து சான்றிதழ் வாங்கி விடுங்கள்.

மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு

இராஜபாளையம் பக்கம் நூற்பாலையில் வேலை பார்த்து, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிற பெண்களுக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகை இ.எஸ்.ஐ. மூலம் கிடைக்கும். முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் வேலையை எழுதிக் கொடுத்து விட்டு வந்து விடாதீர்கள். முதலில் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் விசாரியுங்கள்.

பெண் குழந்தை பிறந்தால்

ஆண் குழந்தை இல்லாமல் ஒரே பெண் குழந்தையோடு குடும்பக் கட்டுப்பாடு செய்து கொண்டால் அந்தக் குழந்தை பெயரில் 50,000 ரூபாயும், இரண்டு பெண் குழந்தைகளோடு செய்து கொண்டால் ஆளுக்கு 25,000 ரூபாயும் முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் வைப்புத் தொகையாகப் போடப்படும். 1992-ல் தொடங்கிய திட்டம் இது. வருமான வரம்பு உண்டு. கடைசிக் குழந்தைக்கு 3 வயது நிறைவதற்குள் மனுச் செய்ய வேண்டும். சமூக நலத் துறை அலுவலகத்திலும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் விவரம் கேளுங்கள்.

பணம் வந்த பிறகு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இந்த 6,000 ரூபாயை வளைகாப்புப் பந்தலுக்கும், அடகு வட்டிக்கும், கணவரின் கைச்செலவுக்கும் கொடுத்து விட்டால் தாயின் தட்டில் என்ன விழும்? தினம் ஒரு முட்டை, ஒரு கீரை, பருப்பு, பால், கடலை மிட்டாய் என்று மாதக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தத் தொகை அதற்குச் சரியாக இருக்கும். பெட்டகத்தில் வரும் நெய்யும் சத்து மாவும் தாய்க்கு. வீட்டில் மற்றவர்களுக்குப் பங்கு வைக்க வந்ததில்லை.

வரவில்லை என்றால்?

முதலில் பாஸ் புத்தகத்தில் பதிவு போடுங்கள். பிறகு எண்ணோடும் அட்டையோடும் நர்ஸம்மாவைப் பாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று பதிவைப் பார்த்துச் சொல்வார். அங்கே தீராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றை நீங்கள் வைத்துக் கொள்ளுங்கள். அதற்கும் மேல் 104, 1100 ஆகிய எண்களில் சொல்லலாம். திங்கட்கிழமைகளில் விருதுநகர் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம்.

"நான் வாங்கித் தாரேன், ஐந்நூறு கொடு" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். இது தாயின் உரிமைப் பணம். பதிவதற்கும் வாங்குவதற்கும் காசு கிடையாது. போனில் வரும் ரகசிய எண்ணையும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் மூன்று வருஷமாவது இடைவெளி விடுங்கள். பிரசவமான கையோடு காப்பர்-டி வைத்துக் கொள்ளலாம். அந்தரா ஊசி, சாயா மாத்திரை, ஆணுறை எல்லாமே அரசு நிலையத்தில் இலவசம். போதும் என்று முடிவு செய்தால் ஆண்களுக்கான வாசக்டமி பெண்களுக்கான ஆப்பரேஷனை விடச் சுலபம். இருவரும் கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மனைவியின் ஆதார் அட்டையையும் பாஸ் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே திருத்தி விடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு எளிது.

தாயும் சேயும் நலமாக வாழ்க!