போட்டோவில் தெரியாத வெட்டு: டிசைனர் உடுப்பை வீட்டில் தைத்தல்

தையல்கடை மேசையில் இப்போது அளவுநாடாவுக்கு முன்னர் வந்து விழுவது கைத்தொலைபேசிதான். விருது விழாவொன்றில் நடிகை ஒருவர் அணிந்த கவுண், பாரிஸ் மேடையில் ஒரு மொடல் போட்டு நடந்த சட்டை, இன்ஸ்டகிராமில் கண்ட கொலர். "இதே மாதிரித் தைச்சுத் தாங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு வருகிறோம். பத்து நாளில் கைக்குக் கிடைப்பதில் நிறம் சரி, கழுத்துச் சரி, கையும் கிட்டத்தட்டச் சரி. ஆனாலும் அது அந்த உடுப்பு இல்லை. தோளில் இழுக்கிறது, மார்புக்குக் கீழே தொங்குகிறது, கையை உயர்த்தினால் முழுச் சட்டையும் கூடவே மேலேறுகிறது.

தைத்தவரைக் குறை சொல்வது இலகு. ஆனால் அவரது தையலில் பெரும்பாலும் பிழை இருப்பதில்லை. போட்டோவில் இல்லாத ஒன்றை அவரிடம் கேட்டிருக்கிறோம். துணியை எந்தத் திசையில் வைத்து வெட்டினார்கள், டார்ட் எங்கே ஒளிந்திருக்கிறது, உள்ளே என்ன வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்பவைதான் ஓர் உடுப்பைத் தீர்மானிக்கின்றன. கமரா இவற்றில் எதையும் காட்டுவதில்லை. டிசைனர் உடுப்பைப் பார்த்துத் தமக்குத் தாமே தைத்துக்கொள்ள விரும்புபவர்கள் முதலில் தேடவேண்டியது இவற்றைத்தான்.

ஒரு பிரபலமான சட்டையை எடுத்துப் பார்ப்போம். 1965ஆம் ஆண்டு பாரிஸில் இவ் சான் லோரன் ஒரு சட்டையை அறிமுகப்படுத்தினார். கையில்லாத, இடுப்புப் பிடிக்காத, முழங்கால் அளவில் நிற்கும் நேர்ச் சட்டை. வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடுகள், இடையிடையே சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள். டச்சு ஓவியர் பீட் மொன்றியானின் ஓவியங்களைப் பார்த்துச் செய்தது. அந்த வருடம் செப்டெம்பரில் பிரெஞ்சு வோக் சஞ்சிகையின் அட்டையிலும் அது வந்தது. சில மாதங்களுக்குள் மலிவான நகல்கள் கடைகளை நிறைத்தன. அவற்றில் பல, கட்டங்களைத் துணியில் அச்சடித்துத் தைத்தவை.

மூலச் சட்டையில் அச்சே இல்லை. ஒவ்வொரு கட்டமும், ஒவ்வொரு கறுப்புக் கோடும் தனித்தனித் துண்டாக வெட்டி இணைக்கப்பட்ட கம்பளி ஜேர்சித் துணி. இவ்வளவு வேலை எதற்கு என்று கேட்கலாம். பெண்ணின் உடல் தட்டையானது அல்ல. அதன் வளைவுகளுக்கு ஏற்பத் துணியை வளைக்க டார்ட் பிடிக்கவேண்டும். தட்டையான ஓவியம் போலத் தோன்றவேண்டிய சட்டையில் டார்ட் தெரிந்தால் ஓவியம் கெட்டுவிடும். ஆகவே உடலுக்கேற்ற வளைவு முழுவதையும் அந்தக் கறுப்புக் கோடுகளின் தையலுக்குள்ளேயே அவர் மறைத்துவிட்டார். கோடு அலங்காரமாகத் தெரிகிறது, உண்மையில் சட்டையைத் தாங்குவதே அதுதான். அச்சடித்த நகலில் கோடு இருக்கிறது, ஆனால் அது ஒரு வேலையும் செய்வதில்லை.

இது பாரிஸ்காரர்களின் இரகசியம் அல்ல. டார்ட்டின் கூர்நுனி மார்பின் உச்சிப் புள்ளியை நோக்கி இருக்கவேண்டும். ஆனால் அது எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. பக்கத் தையலிலிருந்து வரலாம், தோளிலிருந்து வரலாம், கழுத்திலிருந்தும் இடுப்பிலிருந்தும் வரலாம். தையல் வகுப்புகளில் பேப்பர் கட்டிங் என்று சொல்கிறார்களே, அந்தக் கடதாசிப் படிவத்தில் பழைய டார்ட்டை மூடி ஒட்டிவிட்டு, புதிதாக வேண்டிய இடத்திலிருந்து உச்சிப் புள்ளிவரை வெட்டினால், அங்கே அதே கோணத்தில் படிவம் தானாக விரியும். இந்த ஒரு விடயத்தை ஒருமுறை கடதாசியில் செய்து பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த டிசைனர் சட்டையைப் பார்த்தாலும் கண் முதலில் டார்ட்டைத்தான் தேடும். "இவ்வளவு பொருத்தமாக இருக்கிறதே, டார்ட்டைக் காணவில்லையே" என்று தோன்றினால், அருகில் ஓடும் ஏதாவது ஒரு தையல் கோடு அதை விழுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது துணியின் திசை. நெசவில் பாவு நீளவாட்டில் ஓடுகிறது, ஊடு குறுக்கே போகிறது. இந்த இரண்டு திசையிலும் இழுத்தால் துணி அதிகம் கொடுக்காது. இரண்டுக்கும் நடுவே 45 பாகையில் மூலைவாட்டாக இழுத்துப் பாருங்கள், ரப்பர் போல நீளும். பாரிஸில் 1920களிலும் 30களிலும் மடலின் வியோனே இந்த மூலைவாட்டு வெட்டையே தன் கலையாக்கினார். முதலில் ஒரு சிறிய மரப்பொம்மையின்மேல் துணியைச் சுற்றிப் பார்த்துத்தான் அவர் வெட்டுகளைக் கண்டுபிடித்தார். இறுக்கிப் பிடிக்காமலேயே உடலோடு ஒட்டி வழியும் கவுண்கள் அவை. இன்றைக்குச் சிவப்புக் கம்பளத்தில் நாம் காணும் வழுவழுப்பான சாட்டின் கவுண்களில் பெரும்பாலானவை அந்த வழிவந்தவை.

இதைக் கேட்டால் எங்கள் ஊர்த் தையற்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். சேலைக்கு அணியும் பிளவுசை "கிராஸ் கட்டிங்"கில் தைக்கவா என்று கேட்பார்களே, அதுவும் இதே அறிவுதான். முன்பக்கத் துண்டை மூலைவாட்டாக வெட்டினால் மார்பில் சுருக்கமில்லாமல் படியும். வியோனேயின் பெயரைக் கேள்விப்படாமலேயே நெல்லியடியிலும் மட்டக்களப்பிலும் அதைச் செய்து கொண்டிருக்கிறார்கள். கவுண் என்றதும் மட்டும் போட்டோவைப் பார்த்துத் திகைத்து நேர்த்துணியில் வெட்டிவிடுகிறார்கள். ஒரு எச்சரிக்கை: மூலைவாட்டு வெட்டுக்குத் துணி அதிகம் போகும், தைத்த பிறகு கீழ்விளிம்பு சமனில்லாமல் தொங்கும். தைத்ததும் ஒரு நாள் ஹேங்கரில் தொங்கவிட்டு, துணி இறங்கவேண்டிய அளவுக்கு இறங்கிய பிறகுதான் விளிம்பை மடித்துத் தைக்கவேண்டும். அவசரத்தில் அன்றே விளிம்பை முடித்துக் கொடுப்பதால்தான் பல கவுண்கள் ஒரு பக்கம் நீண்டு நிற்கின்றன.

மூன்றாவது, உடுப்பின் உள்பக்கம். ஷனெல் ஜக்கற்றை வெளியிலிருந்து பார்த்தால் கொலர் இல்லாத ஒரு பெட்டி, நான்கு பொக்கட், ஓரத்தில் பின்னல் நாடா. உள்ளே, மெல்லிய பட்டு லைனிங்கை வெளித்துணியோடு நெடுங்கோடுகளாகச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். தளர்வாக நெய்த ட்வீட் துணி வடிவம் கெடாமல் நிற்பது அதனால்தான். விளிம்பின் உட்புறத்தில் ஒரு மெல்லிய சங்கிலியும் உண்டு, ஜக்கற் சுருண்டு மேலேறாமல் அதன் பாரம் பிடித்துக்கொள்ளும். எங்கள் வெயிலுக்கு ட்வீட் பொருந்தாது. மருதமுனைக் கைத்தறித் துணியில், மெல்லிய பருத்தி லைனிங் வைத்து இதே முறையில் தைக்கலாம். தடித்த கைத்தறிக்கும் தளர்ந்து போகும் பிரச்சினை உண்டு என்பதால் அதே வைத்தியம் அதற்கும் பலிக்கும்.

இப்படிப் பார்த்துத் தைப்பது திருட்டு இல்லையா என்ற கேள்வி வரும். டிசைனர்கள் நகலைக் கண்டு கோபப்பட்டது உண்மை. வியோனே தன் உடுப்புகளின் லேபிளில் பெருவிரல் ரேகையையே பதித்தார். ஆனால் அதே உலகம்தான் வீட்டில் தைப்பவர்களுக்குப் படிவங்களையும் விற்றது. 1863இல் அமெரிக்கத் தையற்காரர் எபனீசர் பட்டரிக் அளவு வாரியான கடதாசிப் படிவங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1949இலிருந்து வோக் நிறுவனம் பாரிஸ் டிசைனர்களின் அசல் படிவங்களை அவர்களது அனுமதியோடு வெளியிட்டது. உறைக்குள் உடுப்பில் வைத்துத் தைப்பதற்கு ஒரு லேபிளும் இருந்தது! மொன்றியான் சட்டையின் படிவமும் பின்னர் அந்த வரிசையில் வந்தது. அலெக்சாண்டர் மக்குவீனின் கிமோனோ பாணி ஜக்கற்றின் படிவத்தை ஷோஸ்டூடியோ என்ற பிரித்தானிய இணையத்தளம் இலவசமாகத் தந்தது. 2020இல் பாடகர் ஹரி ஸ்டைல்ஸ் அணிந்த ஒட்டுத்துண்டுக் கம்பளிச் சட்டையை உலகெங்கும் இளைஞர்கள் பார்த்துப் பார்த்துப் பின்னத் தொடங்கியபோது, அதை வடிவமைத்த ஜே.டபிள்யூ. அண்டர்சன் பின்னல் குறிப்பையே பகிரங்கமாக வெளியிட்டார்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வர்த்தகச் சின்னங்களையும் பதிவுசெய்யப்பட்ட கைத்தொழில் வடிவங்களையும் பாதுகாக்கிறது. வெட்டைப் படித்து உங்களுக்கென்று ஒரு சட்டை தைப்பது வேறு, ஷனெலின் இரட்டை எழுத்தைக் குத்தி விற்பது வேறு. சந்தையில் இரண்டாவது வகைதான் அதிகம். வெட்டும் இல்லை, துணியும் இல்லை, சின்னம் மட்டும் பெரிதாக இருக்கும். எனக்கு அதில் ஒரு மரியாதையும் இல்லை.

இங்கே நம் நாட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சிங்கர் மெசின் இலங்கைக்கு வந்தது 1877இல். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஆடை ஏற்றுமதி வளர்ந்து, இன்று நாட்டின் மிகப் பெரிய ஏற்றுமதிப் பொருளாக நிற்கிறது. போருக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொழிற்சாலைகள் வந்தன. உலகின் பெரிய பிராண்டுகளுக்கு எங்கள் பெண்கள் தைக்கிறார்கள். ஆனால் தொழிற்சாலை வரிசையில் ஒருவருக்கு ஒரு வேலைதான். கொலர் வைப்பவர் கொலர் மட்டும், பொக்கட் வைப்பவர் பொக்கட் மட்டும். படிவம் கொம்பியூட்டரில் வருகிறது, வெட்டு வேறு பிரிவில் நடக்கிறது. பல வருடம் அங்கே வேலை செய்தவர் மின்னல் வேகத்தில் தைப்பார். வீட்டுக்கு வந்து தன் மகளுக்கு ஒரு சட்டை வெட்டச் சொன்னால் தயங்கலாம். வாழ்வாதார உதவி என்று தையல் மெசின் மட்டும் வழங்கப்பட்ட வீடுகளிலும் இதே கதைதான். மெசினைக் கொடுத்தார்கள், வெட்டைக் கொடுக்கவில்லை. அதனால் பாடசாலைச் சீருடையும் தலையணை உறையும் தைத்து, அயலில் பத்துப் பேர் கேட்கும் அதே கூலிக்கு அவர்களும் நிற்கிறார்கள். ஒரு படிவத்தை வரைந்து மாற்றத் தெரிந்தவர் வேறு விலை சொல்லலாம்.

தொடங்குவதற்கு நூறு பக்கப் புத்தகம் தேவையில்லை. உங்களுக்கு மிகச் சரியாகப் பொருந்திய, இப்போது நைந்துபோன ஒரு சட்டையை எடுத்துத் தையலைப் பிரியுங்கள். துண்டுகளை அயன்பண்ணி, பாவு நேராக இருக்கும்படி பிறவுண் பேப்பரில் வைத்து வரையுங்கள். டார்ட், மார்பின் உச்சி, இடுப்புக் கோடு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் அடிப்படைப் படிவம். கடையில் விற்கும் அளவுகளைவிட உங்கள் உடலை அதற்கு நன்றாகத் தெரியும்.

பிறகு விரும்பிய டிசைனர் சட்டையின் தையல் கோடுகளை அந்தப் படிவத்தின்மேல் பென்சிலால் வரையுங்கள். மொன்றியான் சட்டை முதல் முயற்சிக்கு நல்ல தெரிவு. நேர்க்கோடுகள் மட்டும், கை இல்லை, சிறிய துண்டுகள் போதும். மகரகம பமுனுவவில் அல்லது புறக்கோட்டையில் கிடைக்கும் வெட்டுத்துணிகளிலேயே ஐந்து நிறமும் சேர்ந்துவிடும். உச்சிப் புள்ளிக்கு அருகே ஒரு குறுக்குக் கோடு போகும்படி வரைந்து, பக்க டார்ட்டை அதற்குள் திருப்பிவிடுங்கள். கோடுகளில் வெட்டிப் பிரித்த பிறகு ஒவ்வொரு விளிம்புக்கும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் தையல் இடம் சேர்க்க மறக்கவேண்டாம். அதை விட்டால் சட்டை இரண்டு அளவு சிறுத்துவிடும். ஜேர்சி போலப் பருத்தி இழுபடாது, ஆகவே முதுகில் ஒரு சிப் வையுங்கள். பருத்தியை வெட்டுவதற்கு முன் கட்டாயம் துவைத்துக் காயவிடுங்கள், சிவப்பைத் தனியாக.

நல்ல துணியைத் தொடுவதற்கு முன் பழைய படுக்கை விரிப்பில் ஒருமுறை தைத்துப் போட்டுப் பாருங்கள். பெரிய டிசைனர் வீடுகளிலும் மலிவுத் துணியில் ஒரு சட்டை தைத்துப் பார்த்த பிறகுதான் பட்டை வெட்டுகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு இருந்து பாருங்கள், கையை உயர்த்துங்கள், பஸ் கம்பியைப் பிடிப்பது போல எட்டிப் பிடியுங்கள். இழுக்கும் இடத்தில் குண்டூசி குத்தி, அந்தத் திருத்தத்தைக் கடதாசிக்கு மாற்றிவிடுங்கள். இரண்டாவது முறை வெட்டும்போது போட்டோவைப் பார்க்கத் தேவையே வராது.