ஏழு சுற்று நடை

வழி தவறச் செய்தற்கென்றே வகுத்த பாதை ஒன்று. வழி தவறவே இடங்கொடாத பாதை மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வார் பலர். முன்னதிற் பிரிவுகள் பல. எவ்வழிச் செல்வதெனத் திகைக்க வேண்டும். பின்னதில் வழி ஒன்றே. அது வளைந்து வளைந்து நடுவிடஞ் சேர்க்கும். சென்ற வழியே மீட்டுங் கொணரும். புதிர்நிலை என ஈண்டு யான் குறிப்பது இதனையே.

இதன் தொன்மை பெரிது. கிரேக்க நாட்டுப் பைலோசிற் கிடைத்த, கி.மு. 1200 அளவினதாகிய களிமண் ஏடொன்றில் இவ்வடிவம் கீறப்பட்டுள்ளது. பிரான்சு நாட்டுச் சார்த்தர் பேராலயத் தளத்தில் 13ஆம் நூற்றாண்டிற் பதித்த 11 சுற்று வடிவம் இன்றும் உளது. நம்மவர்க்கும் இது புதிதன்று. தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரை அடுத்துக் கற்களை நிரைத்தமைத்த ஏழு சுற்றுப் புதிர்நிலை ஒன்றுண்டு. ஹளேபீட்டு ஹொய்சளேசுவரர் கோயிற் சிற்பத்திற் சக்கரவியூகமாகக் காட்டப்படுவதும் இத்தகு வடிவமே. ஆயினும், அபிமன்யு புகக் கற்றான், மீளக் கற்றிலன். இங்கோ புகுந்தார் யாவரும் மீள்வர்.

வரையும் முறை எளிது. நடுவே ஒரு கூட்டற்குறி. அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு மடக்குக்கோடு. அவற்றுக்கப்பால் நான்கு புள்ளிகள். கூட்டற்குறியின் மேல்முனையை வலப்பக்க மடக்கின் மேல்முனையோடு வளைத்திணைக்க. பின்னர் இடப்பக்கத்து அடுத்த முனையை வலப்பக்கத்து அடுத்த முனையோடு, ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்துச் செல்க. ஏழு சுற்றும் தாமே அமையும். புள்ளிக்கோலமிடும் பெண்டிர்க்கு இது நொடிப்பொழுது வேலை. வழி 2 அடி அகலமாயின், 30 அடிக்குச் சற்று மிகுந்த இடம் போதும்.

நீரிழிவுக்கு நடையே மருந்தென மருத்துவர் சொன்ன நாள்முதல், எருக்கலம்பிட்டி மணற்றரையில் மாலைதோறும் இதனை வரைந்து நடந்து வருகிறேன். நேர்வீதியில் நடக்குங்கால் மனம் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கும். இங்கோ, வளைவுதோறும் கண் காலடியில் நிற்கும். வழி தெரிந்தெடுக்கும் கவலையும் இல்லை. ஆதலின் மனம் ஓய்கிறது. கழுதைகள் மிதித்துக் கலைத்தலும், சோளகம் மணலை வாரி மூடுதலும் உண்டு. குனிந்து மீண்டும் வரைதலும் உடற்பயிற்சியே அன்றோ!

புகுந்தவனை வழி முதலில் மூன்றாஞ் சுற்றில் விடும். பின் இரண்டு, ஒன்று எனப் புறந்தள்ளும். அதன்பின் நான்கு, ஏழு. ஏழாஞ் சுற்றில் நடுவிடம் கைக்கெட்டும் தூரம். ஆனால் வழியோ ஆறு, ஐந்து என மீண்டும் அகற்றி, அதன் பின்னரே நடுவிற் சேர்க்கும்.

இவ்வூர்ப் பெரியவர் ஒருவர் என்னுடன் நடப்பதுண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளம் சென்று, 2009இற் போர் ஓய்ந்தபின் மீண்டவர் அவர். ஏழாஞ் சுற்று விலகுமிடத்தில் ஒருநாள் நின்றார்.

“கிட்ட வந்திட்டமெண்டு பார்த்தா, தூரக் கொண்டு போகுதே மாஸ்டர்!” என்றார்.

மணலிற் கீறிய கோடுதான். தாண்டினால் தடுப்பார் இல்லை. அவர் தாண்டினாரல்லர். ஆறாஞ் சுற்றை முழுதும் நடந்தார், ஐந்தாவதையும் நடந்தார். நடுவிடஞ் சேர்ந்ததும் அம்மணலில் அமர்ந்து, இருட்டும்வரை எழுந்திலர்.