மணிக்குள்ளே ஒரு சின்ன ‘க’

ஓசூரில் ஒரு தேவாலயக் கோபுரத்துக்கு இரண்டு மணி வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சிப்காட் லாரிகளின் இரைச்சலைத் தாண்டி ஊருக்குக் கேட்க வேண்டும். “பெரிசா வாங்கிடுங்க” என்பார்கள் எல்லாரும். அது மட்டும் போதாது, தம்பி தங்கைகளே.

மணி வெண்கலத்தில் வார்ப்பது. ஏறத்தாழ நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் சேர்ந்தால் உலோகம் இறுகும், ஓசை நீண்டு ஒலிக்கும். அதிகமானால் மணி விரிசல் விடும். வெண்கலம் நெடுங்காலம் உழைக்கும். 1836 வாக்கில் நியூசிலாந்தில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த பாத்திரம், தமிழ் எழுத்துப் பொறித்த பழைய கப்பல் மணி!

அடுத்தது அளவு. ஒரே வடிவில் அகலத்தை இரட்டித்தால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும்; எடை எட்டு மடங்காகும். வாய் அகலம் 1 மீட்டர் உள்ள மணி சுமார் 600 கிலோ இருக்கும். அது ‘ச’ என்றால், ‘க’ ஒலிக்க 80 சென்டிமீட்டர் மணி போதும். 20 சென்டிமீட்டர்தான் குறைந்தது, ஆனால் எடை பாதி! 0.8ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மணி ஒரே சுரத்தை ஒலிப்பதில்லை. சுருதி சேர்த்த மணியில் கீழ் ‘ச’, நடு ‘ச’, ‘ப’, மேல் ‘ச’ எல்லாம் சேர்ந்து எழும். கூடவே ஒரு சாதாரண காந்தாரமும் எழும். ஆர்மோனியத்தில் கறுப்பு, வெள்ளை எல்லாவற்றையும் எண்ணினால், ‘ச’வை அடுத்து மூன்றாவது கட்டை. அதைச் சின்ன ‘க’ என்போம். மணியோசையில் ஏதோ ஓர் ஏக்கம் இருக்கிறதே, அது இந்தச் சின்ன ‘க’ தருவது.

நாம் வாங்க நினைத்த ‘க’ அந்தர காந்தாரம், நாலாவது கட்டை. இரண்டு மணியையும் சேர்த்து அடித்தால் ‘ச’ மணிக்குள் இருக்கும் சின்ன ‘க’வோடு இந்தப் பெரிய ‘க’ மோதும். புணேயின் ஹோலி நேம் தேவாலயத்தில், இங்கிலாந்தின் டெய்லர் பட்டறையில் வார்த்த எட்டு மணிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட மணிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பதால் மோதல் அவ்வளவாகத் தெரியாது. சேர்த்து அடிப்பதென்றால் இரண்டாவது மணியும் சின்ன ‘க’வாக, 83 சென்டிமீட்டரில் இருக்கட்டும். நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன். 1980களில் நெதர்லாந்தில் மணியின் வடிவத்தையே கணினியில் மாற்றி, உள்ளே பெரிய ‘க’ ஒலிக்கும் மணியையும் வார்த்துவிட்டார்கள்.

சுருதி சேர்க்க, மணியை வாய் மேலாக நிறுத்திச் சுழற்றி உட்புறத்தைச் சீவுவார்கள். ஓசூர் லேத் பட்டறைகளில் நடக்கும் அதே கடைசல் வேலைதான். சீவச் சீவச் சுருதி இறங்கும். இறங்கியதை ஏற்றுவது மிகக் கடினம். அதனால் சற்றுத் தடிமனாகவே வார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாகக் கோபுரம். ஊசலாடும் மணி சுவரைப் பக்கவாட்டிலும் தள்ளும். பழைய செங்கல் கோபுரமாக இருந்தால் மணியை அசையாமல் மாட்டி, சுத்தியலால் அடிக்க ஏற்பாடு செய்வது நல்லது. பொறியாளர் ஏறிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வார்ப்படக்காரருக்கு முன்பணம் தர வேண்டும்.