இடம் தவறிய நீர்

ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு வடக்கே, உடைந்த பாலத்தின் பக்கம் போய் நின்றால் அடையாற்றின் முகத்துவாரம் தெரியும். மணல் மூடிக்கொள்ளும் மாதங்களில் ஆறு நகராமல் கறுத்துக் கிடக்கும். மடவைக்கும் இறாலுக்கும் வலை வீசும் இடம் இது. நகரத்தின் கழிவுநீர்க் கணக்கை இங்கிருந்து வாசிக்க வேண்டும். கணக்கில் விடுபட்டதெல்லாம் இங்கேதான் வந்து சேருகிறது.

எந்தப் பொருளும் தன்னளவில் அழுக்கு இல்லை. ஒரு சமூகம் வகுத்த ஒழுங்கில் இடம் தவறும்போதே அழுக்காகிறது என்பது மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் முன்வைத்த வாதம். சாக்கடைக்கு இது அப்படியே பொருந்தும். சுத்திகரிப்பு நிலையத்தில் முதலில் மண்டி படிகிறது. பிறகு காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்களை வளர்த்து, கழிவைத் தின்ன விடுகிறார்கள். இந்த இரண்டாம் கட்டம் தாண்டிய நீரிலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிஞ்சும். வயலுக்குப் போனால் அது எரு. ஆற்றில் அளவுமீறிச் சேர்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகி அழுகும். நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன் சாகும். நெசப்பாக்கம் நிலையத்து நீர் அடையாற்றில்தான் விடப்பட்டு வந்திருக்கிறது. சுத்திகரிக்காமலே கலப்பது தனி.

அப்படியானால் வயலுக்கே திருப்பிவிடலாமே? ஐதராபாத்தில் மூசிக் கரையில் இந்த நீரில் மாட்டுத்தீவனப் புல்லும் நெல்லும் விளைகின்றன. ஆனால் கிருமியும் ஆலைக் கழிவும் கலந்த நீரில் இறங்கி நிற்பது விவசாயக் கூலிகளின் கால்கள். எந்தப் பயிர், எந்த முறைப் பாசனம், வேலை செய்பவருக்கு என்ன பாதுகாப்பு என்று பார்த்தே அனுமதிக்கச் சொல்கின்றன உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு நெறிமுறைகள்.

மூன்றாம் கட்டம் வேறு கதை. நுண்வடிகட்டி, எதிர்ச் சவ்வூடு பரவல் எல்லாம் தாண்டித் தெளிந்த நீர் வருகிறது. உப்பு செறிந்த மிச்சம் ஒதுங்குகிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு தலா 4.5 கோடி லிட்டர் கொள்ளளவில் இத்தகைய நிலையங்கள் 2019இல் இயங்கத் தொடங்கின. ஏரிகள் வறண்டு நகரமே குடத்தோடு தெருவில் நின்ற அதே வருஷம். ஒன்றின் நீர் மணலி ஆலைகளுக்கு, மற்றதன் நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்கு. ஆலை இதை வாங்கினால் அந்த அளவு நல்ல தண்ணீர் வீடுகளுக்கு மிஞ்சும் என்பது நியாயமான வாதம்தான். மிஞ்சியது எந்த வீடுகளுக்குப் போனது என்பதே கேள்வி.

'சாக்கடைத் தண்ணியையா குடிக்கச் சொல்றே?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நமீபியாவின் விண்ட்ஹுக் நகரம் 1968 முதல் குடிக்கிறது. சிங்கப்பூரில் 2003 முதல் ஒரு பகுதி நீர்த்தேக்கங்களில் கலக்கப்படுகிறது. அங்கே போய்வரும் நம்ம சொந்தக்காரர்கள் யாரும் தீட்டுப் பார்ப்பதில்லை. இங்கே அடைத்த குழிக்குள் மனிதனை இறக்குவதை 2013இல் சட்டம் வந்த பிறகும் சகித்துக்கொள்கிற மனம், குழாயில் வரும் நீரிடம் மட்டும் சுத்தம் பேசுகிறது.

மறுசுழற்சி என்ற சொல்லில் ஒரு வட்டம் இருக்கிறது. நல்ல நீர் ஆலைக்கும், மிச்சம் முகத்துவாரத்துக்கும் போகிறவரை அது வட்டமாகாது. எத்தனை லிட்டர் சுத்திகரித்தோம் என்ற கணக்கோடு, ஆற்றில் என்ன விட்டோம் என்ற கணக்கும் வேண்டும். அதைச் சரிபார்க்கும் இடத்தில், வலை வீசுகிறவர்களும் உட்கார்ந்திருக்க வேண்டும்.