குளம் ஏன் வற்ற வேண்டும்?

வவுனியாவின் சிறு குளங்கள் பல மார்கழியில் வான் பாயும். ஆவணியில் வெடித்த சேறாகக் கிடக்கும். வயல்காரருக்கு அது கவலைதான். குளத்து உயிர்களின் கணக்கு வேறு.

நீர் இறங்க இறங்க மீன்கள் சிறு பரப்பில் நெருங்கும். நாரையும் கொக்கும் அதிகம் அலையாமல் இரை பிடிப்பது அப்போதுதான். வெளிப்பட்ட அலைகரையில் புல் முளைக்கும். பகலில் மாடு மேயும், காட்டோரக் குளமென்றால் இரவில் யானையும் வரும். சாணமும் மட்கிய புல்லும் ஐப்பசி மழையில் கரைந்து நுண்பாசிக்கு உரமாகும். சேற்றில் உறங்கிய நுண்ணிய நீருயிரிகளின் முட்டைகள் ஈரம் பட்டதும் பொரிக்கும்; மீன்குஞ்சுகளுக்கு அவை நல்ல இரை.

இந்த ஏற்ற இறக்கத்தை நிறுத்தினால்? மின்னேரியாக் குளத்தைப் பாருங்கள். வற்றும் குளத்தடிப் புல்லுக்காகவே அங்கே நூற்றுக்கணக்கான யானைகள் கூடும். 2018இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் இயங்கத் தொடங்கியபின், அதிலிருந்து உலர்காலத்திலும் நீர் வந்து சேர்ந்த ஆண்டுகளில் புல்வெளி மூழ்கியது, கூட்டம் கலைந்தது. மின்னேரியா 1997 முதல் தேசியப் பூங்கா. எல்லையும் சட்டமும் அப்படியேதான் இருந்தன. நீரின் நடைதான் மாறியது.

வன்னியில் குளம் திருத்தும்போதும் இதே கேள்வி எழும். தூர்வாருவது அவசியம்தான். ஆனால் கட்டோரத்தை ஆழமாக்கிவிட்டு, அலைகரையின் மென்சரிவைத் தொடாமல் விடலாமே! முழுக்கத் தோண்டிய குளத்தில் நாரைக்கு நிற்க இடமிராது.