அம்மோனியா ஏன் கண்ணை எரிக்கிறது?

வடசென்னையில், எண்ணூர் பெரியகுப்பத்தில், 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். கண்ணையும் தொண்டையையும் அது ஏன் தேடிப் பிடித்தது?

அம்மோனியா மூலக்கூறை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். நடுவில் நைட்ரஜன், அதன் வெளிக்கூட்டில் 5 எலக்ட்ரான்கள். சுற்றிலும் 3 ஹைட்ரஜன், ஆளுக்கு ஒன்று. ஆக மொத்தம் 8. ஒவ்வொரு ஹைட்ரஜனோடும் ஒரு ஜோடியைப் பங்குபோட்டால் 3 கோடுகள். 6 எலக்ட்ரான்கள் தீர்ந்தன. மிச்சம் 2? நைட்ரஜன் தலையில் இரண்டு புள்ளிகளாக வையுங்கள். பரீட்சையில் பலர் மறப்பது இந்தப் புள்ளிகளைத்தான். விஷயமே அங்கேதான் இருக்கிறது! இந்தத் தனித்த ஜோடி மூன்று பிணைப்புகளையும் கீழே தள்ளுவதால், மூலக்கூறு தட்டையாக இல்லாமல் முக்காலிபோல நிற்கிறது; பிணைப்புக் கோணம் சுமார் 107 டிகிரி. தண்ணீரைக் கண்டால் அதே ஜோடி ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது ஹைட்ராக்சைடு, அதாவது காரம். ஈரமுள்ள கண், மூக்கு, தொண்டை முதலில் எரிவது அதனால்தான்.

அம்மோனியா நெடி வந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப் போங்கள். கண்ணை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.